காற்று வருகிறது, ஆண்டெனாவை நிமிர்த்து!

சென்ற இதழில், சிறு கிண்ணங்கள் சுழன்று காற்றின் வேகத்தைக் காட்டும் கிண்ணக் காற்றுமானி பற்றி எழுதும்போது, புனே அருகே கோடத் கிராமத்தில் உள்ள ஜி.எம்.ஆர்.டி. (மாபெரும் மீட்டர்அலை ரேடியோ தொலைநோக்கி) என்னும், வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்கும் தொலைநோக்கியைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று வரும்போது அங்குள்ள ஆண்டெனாக்களை உச்சி வானத்தைப் பார்த்து நிமிர்த்தி நிறுத்திவிடுவார்கள் என்று. வந்த கடிதங்களில் பாதி அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வேலைக்காலம் முழுக்க வானிலை நிலையங்களில் காற்றுமானியோடும், காற்றழுத்தத்தைத் தாளில் கோடாக வரையும் பாரோகிராஃபோடும் இருந்தவள் நான். எனக்கு இதைவிடப் பிடித்த பேச்சு கிடையாது. அதனால் இந்த மாதம் முழுக்க அதுவே.

அவ்வளவு பெரிய இரும்புச் சட்டத்தைக் காற்று என்ன செய்துவிடும் அம்மா? அதை ஏன் நிமிர்த்த வேண்டும்?
- வாசகர், திருப்பூர்

முதலில் அளவைச் சொல்கிறேன். ஜி.எம்.ஆர்.டி.யில் 30 ஆண்டெனாக்கள். ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம். அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,590 சதுர மீட்டர். கிண்ணம் முழுக்கத் தகடு அடித்து, அடிவானத்தை நோக்கித் திருப்பி நிறுத்தியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று நேராக வந்து மோதினால், சதுர மீட்டருக்கு எட்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக அழுத்தும். மொத்தம் சுமார் 12 டன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்காகும். 80 கிலோமீட்டரில் அது 50 டன்னைத் தொடும். 133 கிலோமீட்டரில் பதினொரு மடங்கு. இந்த வர்க்கக் கணக்குதான் புயல் நேரத்தில் எல்லாரையும் ஏமாற்றுகிறது. காற்று கொஞ்சம்தானே கூடியிருக்கிறது என்று நினைக்கும்போது சுமை எங்கேயோ போயிருக்கும்.

இந்தச் சுமையைக் குறைக்க இரண்டு வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள். தகடே இல்லை என்பது முதல் வழி. இந்திய ரேடியோ வானியலின் முன்னோடி கோவிந்த் ஸ்வரூப்பின் குழுவினர் அந்தக் கிண்ணத்தை அரை மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலையால் செய்தார்கள். கம்பி வடங்களை இழுத்துக் கட்டி, அதன்மேல் வலையைப் பரப்பினார்கள். நடுப்பகுதியில் வலைக்கண் 10 மில்லிமீட்டர், விளிம்பில் 20 மில்லிமீட்டர். அந்தத் தொலைநோக்கி கேட்கும் அலைகளில் மிகக் குட்டையானதே 20 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். அந்த அலைக்கு இந்த வலை ஒரு சுவர். காற்றுக்கோ பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திறந்த வெளி. பாய்மரத்தில் பாயைக் கட்டினால் படகு ஓடும், வலையைக் கட்டினால் நின்ற இடத்தில் நிற்கும். அதே சங்கதி.

இரண்டாவது வழிதான் நிமிர்த்துவது. கிண்ணம் உச்சியைப் பார்த்து நிற்கும்போது பக்கவாட்டில் வரும் காற்றுக்கு 45 மீட்டர் வட்டம் தெரியாது. ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழமுள்ள ஒரு கிண்ணத்தின் பக்கம் மட்டும்தான் தெரியும். நிழல் பரப்பைக் கணக்கிட்டால் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அதைவிட முக்கியம், சாய்ந்திருக்கும் கிண்ணத்தைக் காற்று பிடித்துத் திருகும். அந்தத் திருகல் முழுக்கப் பற்சக்கரங்களின் மேல் போய் விழும். நிமிர்ந்து நிற்கும் கிண்ணத்தில் இருபுறமும் சமன். பிரேக்கைப் பிடித்துவிட்டுக் காற்று அடங்கும்வரை காத்திருக்கலாம்.

மணிக்கு 40 கிலோமீட்டர் ஒரு காற்றா? கம்பம் பக்கம் வந்து பாருங்கள். ஆடியில் நாங்கள் அதில்தான் வேலை செய்கிறோம்.
- விவசாயி, தேனி மாவட்டம்

கணவாய்க் காற்று எனக்குத் தெரியும் ஐயா. உங்கள் ஊர் வாழைத்தோட்டக்காரர்கள் முட்டுக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். 40 கிலோமீட்டரில் ஜி.எம்.ஆர்.டி. ஆண்டெனா உடையாது. அது 133 கிலோமீட்டர் வரை தாங்குவதற்காகக் கட்டப்பட்டது. அப்படியானால் ஏன் 40லேயே வேலையை நிறுத்துகிறார்கள்? பதில் மூன்று எண்களில் இருக்கிறது.

40 வரை வானத்தைக் கவனிக்கலாம். 80 வரை மோட்டாரைப் போட்டு ஆண்டெனாவைத் திருப்பலாம். 133 வரை, நிமிர்ந்து நிற்கும் ஆண்டெனா தாங்கும். இவற்றில் நடுவில் உள்ள 80தான் உயிர்நிலை. அதைத் தாண்டிவிட்டால் திருப்பவே கூடாது. சாய்ந்த நிலையில் மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான்.

அப்புறம் நேரம். இந்த ஆண்டெனா அடிவானத்திலிருந்து 17 டிகிரி வரை தாழும். அங்கிருந்து உச்சிக்கு 73 டிகிரி. ஏற்ற இறக்க மோட்டாரின் வேகம் நிமிடத்துக்கு 20 டிகிரி. அதாவது கட்டளை கொடுத்த பிறகும் நிமிர்ந்து முடிக்க ஏறத்தாழ மூன்றே முக்கால் நிமிடம் ஆகிறது. அந்த மூன்றே முக்கால் நிமிடத்துக்குள் காற்று 80ஐத் தாண்டக் கூடாது. ஆகவே 40ல் நிறுத்துவது பயத்தால் அல்ல, நேரத்தைக் கையில் வைத்துக்கொள்வதற்காக.

இங்கே எங்கள் துறையின் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். சூறைக்காற்று என்று நாங்கள் பதிவேட்டில் எழுத வேண்டுமானால், காற்று திடீரென்று குறைந்தது 16 நாட் கூடி, 22 நாட்டையாவது தொட்டு, ஒரு நிமிடமாவது நீடிக்க வேண்டும். 22 நாட் என்றால் மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர். வானிலைக்காரர்கள் சூறை என்று பெயர் சூட்டும் அதே இடத்தில்தான் ஆண்டெனாக்காரர்களும் கோடு போட்டிருக்கிறார்கள். அவர்கள் எங்களைப் பார்த்துப் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திறந்தவெளியில் நின்று பழகிய யாரும் அந்த இடத்துக்குத்தான் வந்து சேருவார்கள் என்பது என் எண்ணம்.

இன்னொரு காரணமும் உண்டு. காற்றில் கிண்ணம் அசைந்தால் குறி தவறும். 1,400 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஆண்டெனாவின் பார்வை முழுநிலவின் அகலத்தைவிடக் குறுகல். அதில் சிறு ஆட்டம்கூட அளவீட்டைக் கெடுக்கும். கெட்ட அளவீட்டுக்காக ஒரு இயந்திரத்தை ஆபத்தில் நிறுத்துவதில் பொருளே இல்லை.

காற்று அடித்த பிறகுதானே காற்றுமானி காட்டும்? முன்கூட்டியே எப்படித் தெரியும்?
- பொறியியல் மாணவி, திண்டுக்கல்

இந்தக் கேள்விக்காக உனக்கு நான் தனியே நன்றி சொல்ல வேண்டும் அம்மா. இதில்தான் எங்கள் வேலையே இருக்கிறது.

பருவமழைக் காற்று ஒரு தொல்லையில்லை. அது மெல்ல ஏறும், நாள்கணக்கில் வீசும். புயலைப் பற்றியும் நாள்கணக்கில் முன்பே தகவல் வந்துவிடும். புனே வட்டாரத்தில் பயப்பட வேண்டியது ஏப்ரல், மே மாத இடிமழைக் காற்றுக்குத்தான். பகல் முழுக்க வெயில் காயும். மூன்று நாலு மணிக்கு மேற்குத்தொடர்ச்சி மலைப் பக்கம் மேகம் குவிந்து எழும்பும். அந்த மேகத்துக்குள் மழை விழும்போது, குளிர்ந்த காற்று மழையோடு சேர்ந்து தரைக்கு இறங்கி, நாலாபக்கமும் பரவி ஓடும். அந்த ஓட்டத்தின் முன்விளிம்பு மழைக்கு முன்னால், சில சமயம் பல கிலோமீட்டர் முன்னால் வந்துவிடும். தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே கதவு படாரென்று சாத்தும்.

அது வருவதைக் கருவிகள் எப்படிக் காட்டும் என்று பார்ப்போம். பாரோகிராஃபில், பிற்பகல் முழுக்கச் சரிந்துகொண்டே வந்த மைக்கோடு சட்டென்று ஒரு சிறு மூக்கு மாதிரி மேலே எழும்பும். குளிர்ந்த காற்று கனமானது, அது வந்து அமரும்போது அழுத்தம் ஏறுகிறது. வெப்பப் பதிவுத் தாளில் கோடு செங்குத்தாகக் கீழே விழும். 38 டிகிரியில் இருந்தது பேசிக்கொண்டிருக்கும்போதே 27க்கு வந்துவிடும். காற்றுத்திசைகாட்டி பாதி வட்டம் அடித்துத் திரும்பும். மூன்றும் சேர்ந்து நடந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் உன் கேள்வி சரி. இதெல்லாம் நம் தலைமேல் நடந்தால், நமக்கு மிஞ்சுவது ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான். ஆண்டெனாவுக்கு வேண்டியது மூன்றே முக்கால்.

ஆகவே கருவி தொலைநோக்கியின் அருகில் மட்டும் இருந்தால் போதாது. தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். ஜி.எம்.ஆர்.டி.யின் அமைப்பு இதற்கு வாகானது. 14 ஆண்டெனாக்கள் நடுவில் ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்குள், மீதி 16 மூன்று கைகளாகப் பிரிந்து ஒவ்வொரு கையும் சுமார் 14 கிலோமீட்டர் நீளம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் ஒரு காற்றுமுனை ஒரு கையின் நுனியைத் தொட்டு, மையத்துக்கு வர இருபது நிமிடம் எடுக்கும். நுனியில் ஒரு காற்றுமானி சொன்னால் போதும், மையத்தில் இருப்பவர்கள் ஐந்து முறை நிமிர்த்தலாம். நுனியில் இருக்கும் ஆண்டெனாவுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு ரேடார் படமும், மேகத்தைப் பார்த்துப் பழகிய ஒரு மனிதரும் வேண்டும். இன்றைக்கு மும்பை ரேடாரின் படத்தைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஆனாலும் வெளியே போய் மேற்குப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவதை நான் விடமாட்டேன். மேகத்தின் அடியில், கருத்த உருளை மாதிரி ஒன்று தரைக்குச் சற்று மேலே நகர்ந்து வருவது தெரிந்தால், அதற்குப் பிறகு எந்தப் படமும் தேவையில்லை.

காற்றுமானியைப் பற்றியும் சில வார்த்தை. வானிலை நிலையங்களில் காற்றுமானியைத் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் வைப்பது உலக வழக்கம். 45 மீட்டர் உயரத்தில் அதே காற்று சாதாரணமாக நாலில் ஒரு பங்கு கூடுதலாக வீசும். கீழே 35 என்று காட்டினால் மேலே 43 இருக்கும். எண்ணைப் படிக்கும்போது அது எந்த உயரத்து எண் என்று கேட்டே ஆக வேண்டும். பத்து நிமிடச் சராசரியா, அந்த நொடியின் வீச்சா என்றும் கேட்க வேண்டும். சராசரி 30 என்று அமைதியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே வீச்சு 50 போய் வந்திருக்கும். கட்டுமானத்தை உலுக்குவது வீச்சு.

கிண்ணக் காற்றுமானிக்கு ஒரு குணம் உண்டு. காற்று கூடும்போது சட்டென்று வேகம் பிடிக்கும், குறையும்போது மெதுவாகத்தான் தணியும். அதனால் வீச்சு வீச்சாக அடிக்கும் காற்றில் சராசரியைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அறிவியல் அளவீட்டுக்கு அது குறை, பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் அச்சில் தூசி ஏறிவிட்டால் கதை மாறும். கிண்ணம் தயங்கித் தயங்கிச் சுற்றும், உள்ளதைவிடக் குறைத்துச் சொல்லும். கோடைக்கு முன்பே ஏணி போட்டு ஏறி, கிண்ணத்தை விரலால் மெல்லத் தட்டிவிட்டுக் காதை அருகில் வைத்துக் கேட்பேன். நல்ல அச்சு சத்தமே இல்லாமல் வெகுநேரம் ஓடி, எங்கே நின்றது என்று தெரியாமல் நிற்கும். கெட்ட அச்சு கரகரவென்று வந்து ஓரிடத்தில் டக்கென்று நிற்கும். காற்றின் அழுத்தத்தைக் குழாயில் வாங்கி வேகத்தைக் காட்டும் குழாய்வழிக் காற்றுமானியில் குளவி மண்கூடு கட்டிவிடும், அது இன்னும் மோசம். கருவி பூஜ்யம் காட்டும், வெளியே மரம் ஆடும்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிண்ணக் காற்றுமானியை 1846ல் செய்தவர் தாமஸ் ராம்னி ராபின்சன். அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்தின் தலைவர். வானியலாளர்! வானத்தைப் பார்க்கிறவர்களுக்குக் காற்றின் கவலை அன்றைக்கே இருந்திருக்கிறது.

மழை பெய்தால் ரேடியோ தொலைநோக்கிக்குக் கண் தெரியுமா?
- வாசகி, காரைக்கால்

ஜி.எம்.ஆர்.டி.க்குத் தெரியும். அது கேட்கும் நீண்ட அலைகள் மேகத்தையும் மழையையும் கடந்து வந்துவிடும், பகலிலும் வேலை நடக்கும். மில்லிமீட்டர் அலைகளைக் கேட்கும் தொலைநோக்கிகளுக்குத்தான் நீராவியே எதிரி. அதனால்தான் சிலி நாட்டில் அல்மா என்னும் தொலைநோக்கித் தொகுதியை 5,000 மீட்டர் உயரப் பாலைவனப் பீடபூமியில் கொண்டுபோய் வைத்தார்கள்.

காற்றில் விழுந்த ரேடியோ தொலைநோக்கி ஏதாவது உண்டா?
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

விழப்போய்த் தப்பியது ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஜோட்ரல் பேங்க் என்னுமிடத்தில் 1957ல் கட்டி முடித்த 76 மீட்டர் லவல் தொலைநோக்கி. அதன் கிண்ணத்தைச் சாய்த்து நிமிர்த்தும் பற்சக்கரங்கள் பழைய போர்க்கப்பல்களின் பீரங்கி மேடைகளிலிருந்து எடுத்தவை. 1976 ஜனவரி 2ஆம் தேதி இரவில் மணிக்கு சுமார் 145 கிலோமீட்டர் வேகத்தில் புயற்காற்று அடித்தது. கிண்ணத்தைத் தாங்கும் இரண்டு கோபுரங்களும் வளைந்தன, கிண்ணத்தைக் கோபுரத்தோடு இணைக்கும் தாங்கிகளில் ஒன்று இடம் நழுவியது. விழாமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான் சொல்லலாம். பிறகு நிறையச் செலவு செய்து பழுது பார்த்து, கோபுரங்களுக்குக் குறுக்குச் சட்டங்கள் கொடுத்தார்கள். இன்றைக்குப் படத்தில் பார்த்தாலும் கோபுரத்தின் பக்கத்தில் சாய்வாக ஓடும் அந்தச் சட்டங்கள் தெரியும்.

விழுந்தே போனது அரெசிபோ. போர்ட்டோ ரீக்கோ தீவில், மலைப்பள்ளத்தில் 305 மீட்டர் கிண்ணம், அதன்மேல் மூன்று கோபுரங்களிலிருந்து கம்பிவடங்களில் தொங்கிய 900 டன் மேடை. 2017 செப்டம்பரில் மரியா புயல் வந்தபோது, மேடையிலிருந்து தொங்கிய நீளமான ஆண்டெனா ஒன்று முறிந்து கிண்ணத்தில் விழுந்தது. மேடை நின்றது. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். 2020 ஆகஸ்டில் ஒரு துணைவடம் அதன் பிடிப்பிலிருந்து உருவிக்கொண்டது. நவம்பரில் முக்கிய வடம் ஒன்று அறுந்தது. டிசம்பர் 1ஆம் தேதி காலை மேடை முழுதும் கீழே விழுந்தது. ஆட்களை முன்பே விலக்கியிருந்ததால் யாருக்கும் காயமில்லை. வடத்தின் முனையைப் பிடித்திருந்த துத்தநாக வார்ப்பு மெல்ல மெல்ல நெகிழ்ந்து வந்ததையும், அந்தச் சரிவு மரியா புயலிலிருந்து தொடங்கியதையும் 2024ல் வந்த ஆய்வறிக்கை விவரமாகச் சொல்கிறது.

எனக்கு இது மனதை அறுக்கும் கதை. புயல் அன்றைக்குப் பதிவான காற்றுவேகத்தை எழுதி, மேடை நின்றது என்று கோப்பை மூடிவிட முடியாது. அந்த இரவில் வடம் வாங்கிய சுமை வடத்திலேயே தங்கிவிட்டது. வானிலைப் பதிவேடும் பராமரிப்புப் பதிவேடும் ஒரே மேசையில் இருக்க வேண்டும் என்பது என் பழைய பிடிவாதம். ஒவ்வொரு பலத்த வீச்சுக்குப் பிறகும் எந்தத் திருகை, எந்த வடத்தை, எந்தத் தாங்கியைப் பார்த்தோம் என்று அந்த வீச்சின் எண்ணுக்கு எதிரிலேயே எழுத வேண்டும்.

அமெரிக்காவில் கிரீன் பேங்கில் இருந்த 91 மீட்டர் தொலைநோக்கியும் 1988 நவம்பர் 15 இரவில் விழுந்து நொறுங்கியது. ஆனால் அதைக் காற்றின் கணக்கில் எழுதக் கூடாது. ஒரு இணைப்புத் தகடு முறிந்ததுதான் காரணம்.

அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது, விதியை மீறிக் காற்றில் ஒரு தொலைநோக்கியை இயக்கினார்களாமே? செய்தது சரியா?
- வாசகர், யாழ்ப்பாணம்

நடந்தது உண்மை. ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்னுமிடத்தில் 64 மீட்டர் தொலைநோக்கி, நிலவிலிருந்து வரும் தொலைக்காட்சிப் படத்தைப் பிடிக்கக் காத்திருந்தது. அங்கே அன்று 1969 ஜூலை 21, பகல். நிலா அப்போதுதான் உதித்து வந்துகொண்டிருந்தது. அந்தத் தொலைநோக்கி 30 டிகிரிக்குக் கீழே தாழாது. அதனால் கிண்ணத்தைத் தன் எல்லை மட்டும் சாய்த்துவிட்டு நிலவுக்காகக் காத்திருந்தார்கள். காற்றுக்கு இதைவிட மோசமான நிலை கிடையாது. அந்த நேரம் பார்த்து மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டிய இரண்டு வீச்சுகள் அடுத்தடுத்து அடித்தன. கிண்ணம் பின்னால் தள்ளப்பட்டுப் பற்சக்கரங்களில் போய் மோதியது. கட்டுப்பாட்டு அறை இருந்த கோபுரமே ஆடியது. பாதுகாப்பு எல்லையைப்போல் பத்து மடங்கு விசை என்று பின்னால் எழுதினார்கள். தலைவர் ஜான் போல்டன் நிறுத்தவில்லை. காற்று கொஞ்சம் தணிந்தது, நிலா பார்வைக்குள் வந்தது. ஒளிபரப்பு தொடங்கிச் சுமார் ஒன்பது நிமிடத்துக்குப் பிறகு உலகம் பார்த்த படம் பார்க்ஸிலிருந்து போனது.

சரியா என்று கேட்கிறீர்கள். என் பதில்: அன்றைக்குச் சரி. போல்டன் அந்த இயந்திரத்தை அடிமுதல் நுனிவரை அறிந்தவர், முடிவின் பொறுப்பைத் தானே ஏற்றவர், நிலவில் இருவர் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மறுநாள் பார்க்கக் கூடிய ஒரு விண்மீனுக்காக யாராவது அதைச் செய்திருந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வானியலில் பெரும்பாலான பொருள்கள் நாளைக்கும் அங்கேயே இருக்கும்.

இணையத்தில் வாங்கிய வயர்லெஸ் வானிலைக் கருவி ஒன்று என் மாடியில் இருக்கிறது. இதையே தொலைநோக்கி அருகில் வைத்தால் செலவு மிச்சமாகாதா?
- வாசகர், கோவை

உங்கள் மாடிக்கு அது நல்ல கருவி. தொலைநோக்கி அருகே கூடவே கூடாது. இந்த வகைக் கருவிகள் பலவற்றில் மாடியில் உள்ள உணரி 433 மெகாஹெர்ட்ஸில் வீட்டுக்குள் உள்ள பெட்டிக்குச் செய்தி அனுப்புகிறது. ஜி.எம்.ஆர்.டி. வானத்தைக் கேட்கும் பட்டைகளில் ஒன்று 250 முதல் 500 மெகாஹெர்ட்ஸ். உங்கள் கருவி அதற்குள்ளேயே நின்று கத்தும். பல கோடி ஒளியாண்டு தொலைவிலிருந்து வரும் துளிச் சமிக்ஞைக்கு முன்னால் அது பெருங்கூச்சல். கிரீன் பேங்கில் தொலைநோக்கிக்கு அருகே டீசல் வண்டிகளைத்தான் ஓட்டுகிறார்கள். பெட்ரோல் எஞ்சினின் தீப்பொறிகூட ரேடியோ இரைச்சல் என்பதால். ஆகவே காற்றுமானியின் மின்னணுப் பகுதியை உலோகப் பெட்டிக்குள் மூடி, செய்தியை ஒளியைக் கடத்தும் கண்ணாடியிழையில் அனுப்புவதுதான் முறை. காவல்காரனே சத்தம் போட்டால் பிறகு யாருக்குத்தான் என்ன கேட்கும்?

மின்னல்?
- அஞ்சலட்டையில் ஒரே சொல்லோடு வாசகர், சிவகாசி

திறந்தவெளியில் உயரமாக நிற்கும் இரும்பு, இழுக்கத்தான் செய்யும். இடிதாங்கியும் நல்ல நிலத்தொடர்பும் இருந்தாக வேண்டும், நிலத்தொடர்பின் மின்தடையைக் கோடை முடிவில் மண் காய்ந்திருக்கும்போது அளந்து பார்க்க வேண்டும். ஜி.எம்.ஆர்.டி.யில் ஆண்டெனாவுக்கும் மைய அறைக்கும் இடையே சமிக்ஞை போவது கண்ணாடியிழையில். அது மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு ஆண்டெனாவில் விழுந்த மின்னல் அந்த இழை வழியாக மையத்துக்கு வராது. கோபுரத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர்களுக்கு: முதல் இடிச்சத்தம் காதில் விழுந்ததுமே இறங்கிவிடுங்கள்.

இவ்வளவு பெரிய தொலைநோக்கியைத் தமிழ்நாட்டில் ஏன் வைக்கவில்லை?
- கல்லூரி மாணவர், திருநெல்வேலி

தமிழ்நாட்டில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது தம்பி. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், 1970ல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி முடித்தார்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே 11 டிகிரி சரிவுள்ள ஒரு குன்றைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் வடக்கு தெற்காகப் படுக்கவைத்திருக்கிறார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு வானப் பொருளைச் சுமார் ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். அதிலும் தகடு கிடையாது, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள்தான் கண்ணாடி. நீலகிரிக் காற்று அதன் ஊடே போய்விடும்.

ஜி.எம்.ஆர்.டி. வடக்கே போனதற்குக் காரணம் உன் ஊர்தான் என்றால் நம்புவாயா? காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடான பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலி வட்டாரத்தை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டின் மேலே அயனி மண்டலம், அதாவது வளிமண்டலத்தின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற அடுக்கு, குறிப்பாகப் பொழுது சாய்ந்த பிறகு, குமுறும். நீண்ட ரேடியோ அலைகள் அதில் சிதறித் துடிக்கும். அயனி மண்டலத்தை ஆராய அது பொன்னான இடம். அதனால்தான் உன் ஊர் கிருஷ்ணாபுரத்தில் அதற்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. விண்மீன் மண்டலங்களைக் கேட்க அது தோதில்லை. காந்த நடுக்கோட்டிலிருந்து தள்ளியும், தென்வானம் தெரியும் அளவுக்குத் தெற்கிலும், ரேடியோ இரைச்சல் குறைவாகவும் ஓர் இடம் தேடியபோது கிடைத்தது நாராயண்காவ் பக்கத்துக் கோடத்.

ஊட்டித் தொலைநோக்கி பார்க்கும் வானிலை ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சூரியனிலிருந்து ஒரு காற்று வீசிக்கொண்டே இருக்கிறது, வேகம் சாதாரணமாக நொடிக்கு 400 கிலோமீட்டர் அளவில். ரேடியோ அலை வீசும் தொலைதூர வானப் பொருள் ஒன்றின் அலை அந்தக் காற்றைக் கடந்து வரும்போது மினுக்குகிறது. அந்த மினுக்கத்தைப் பார்த்துச் சூரியக் காற்றின் வேகத்தைக் கணக்கிடும் வேலையை ஊட்டியில் பல பத்தாண்டுகளாகச் செய்து வந்திருக்கிறார்கள். கிண்ணமும் இல்லை, அச்சும் இல்லை. ஒரு வாழ்நாள் முழுக்கக் காற்றை அளந்தவளுக்கு அதைவிடப் பெரிய காற்றுமானி தோன்றவில்லை.

எங்கள் பள்ளி மாணவர்கள் காற்றுமானி செய்ய ஆசைப்படுகிறார்கள். சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?
- அறிவியல் ஆசிரியை, புதுக்கோட்டை

மூன்று கிண்ணம் போதும். 1926ல் கனடாவில் ஜான் பேட்டர்சன் மூன்று கிண்ண வடிவத்தைக் கொண்டுவந்த பிறகு உலகம் பெரும்பாலும் அதற்கு மாறிவிட்டது. பிளாஸ்டிக் பந்தைப் பாதியாக வெட்டினால் கிண்ணம் கிடைக்கும். சைக்கிள் கடையில் சிறிய பால்பேரிங் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு கிண்ணத்துக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசிவிட்டால் சுற்றுகளை எண்ண வசதி.

கிண்ணம் சுற்றும் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றல்ல. காற்று ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு இருக்கும். ராபின்சன் எந்தக் கருவியானாலும் அது மூன்று மடங்குதான் என்று நம்பினார், அது அப்படியில்லை என்று பின்னால் தெரிந்தது. கிண்ணத்தின் அளவையும் கையின் நீளத்தையும் பொறுத்து மாறும். ஆகவே உங்கள் கருவிக்கு நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். காற்று அசையாத ஓர் அதிகாலையில், வண்டி வராத நேரான சாலையில், பெரியவர் ஒருவர் மோட்டார் சைக்கிளை 20 கிலோமீட்டரில் சீராக ஓட்டட்டும். பின்னால் நீங்கள் உட்கார்ந்து கருவியை ஓட்டுபவரின் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து, அரை நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பாருங்கள். அதே சாலையில் திரும்பி வரும்போதும் எண்ணுங்கள். இரண்டின் சராசரி 20க்கான எண். பிறகு 30, பிறகு 40. வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுங்கள். மாணவர்களைச் சாலைக்கு அனுப்ப வேண்டாம், வரைபடத்தை அவர்கள் போடட்டும்.

கருவியைப் பள்ளிக் கட்டடத்தின் உச்சியில், தண்ணீர்த் தொட்டியின் மறைப்பில் சிக்காமல் பொருத்துங்கள். காலை எட்டரைக்கும் மாலை நாலரைக்கும் குறித்து வையுங்கள். இடிமழை வரும் நாளில் மட்டும் மேகம் எந்தத் திசையில் எழும்பியது, குளிர்ந்த காற்று எத்தனை மணிக்கு வந்தது, முதல் தூறல் எத்தனை மணிக்கு விழுந்தது என்று மூன்று குறிப்பையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஏப்ரல், மே விடுமுறைதான், ஆனாலும் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று கிடைக்காமலா போகும்? அந்தக் குறிப்புகளை ஜூனில் எனக்கு அனுப்பிவையுங்கள். காற்றுக்கும் தூறலுக்கும் இடையே புதுக்கோட்டையில் எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று இதே பக்கத்தில் போட்டுப் பார்ப்போம்.